மலைக்கு அனுப்ப முதல் நெஞ்சைப் பாருங்க

நீச்சலில் ஏன் தோற்கிறோம் என்று கதை வந்தால் இப்ப ஒரு பதில் ரெடியாக இருக்கு: எங்கட ஆட்கள் மலையில் பயிற்சி எடுப்பதில்லை. நுவரெலியாவில் உயர்நில விளையாட்டு வளாகம் என்ற பேச்சு வருசக்கணக்காக ஓடுகிறது. பனிச்சங்கேணிக் களப்பில் நீந்தி வளர்ந்த பொடியனையும் ஒரு மாசம் மேலே அனுப்பினால் பதக்கம் வந்துவிடும் என்கிறார்கள். நாங்கள் மலைக்கு எதிரி இல்லை. ஆனால் மலை ஏறப்போகிற நெஞ்சை ஒருத்தரும் பார்க்கவில்லையே, எங்கட கோபம் அதில்தான்.

மேலே போனால் உடம்புக்குள் என்ன நடக்குது? 2000 மீற்றருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஒட்சிசனும் அதே அளவு குறையும். சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரக்க, சிவப்பணுக்கள் கூடுகின்றன. மலையிலிருந்து எல்லாரும் எதிர்பார்க்கிற லாபம் இதுதான். ஆனால் அதற்கு மூன்று நாலு கிழமை வேணும், உடம்பில் இரும்புச்சத்தும் வேணும். முதல் நாட்களில் நடப்பது வேற: இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தமும் குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. நுரையீரல் நாடிகள் இறுகுவதால் இதயத்தின் வலப்பக்கத்துக்கும் சுமை கூடுகிறது.

சுகமான நெஞ்சு இதைத் தாங்கும். பழுது ஒளிஞ்சிருக்கிற நெஞ்சு?

நோர்வேயின் அலெக்சாண்டர் டேல் ஓஎன் 2011இல் ஷாங்காயில் 100 மீற்றர் மார்பு நீச்சலில் உலகச் சம்பியன் ஆனவர். 2012 ஏப்ரல் 30ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக்குக்கு மூன்று மாசம் இருக்க, அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் உயர்நிலப் பயிற்சி முகாமில் இதயம் நின்று இறந்துபோனார். வயசு 26. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 2100 மீற்றர் உயரம். பிரேதப் பரிசோதனையில் தெரிய வந்தது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிகளில் கடுமையான அடைப்பு. அவருடைய தாத்தாவும் 42 வயசில் இதய நோயால் இறந்தவர் என்று அப்போது செய்தி வந்தது.

மலைதான் கொன்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. உலகச் சம்பியன், பணக்கார நாடு, கூடவே வைத்தியர்கள், அப்படியிருந்தும் அடைப்பு தெரியாமல் போயிருக்கு. எங்கட வாகரைப் பொடியனுக்கு என்ன உத்தரவாதம்?

இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்கள் ஈசீஜி உட்பட இதயப் பரிசோதனை செய்துதான் களத்தில் இறங்கலாம். அங்கே வெனெட்டோ மாகாணத்தில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஏறக்குறைய 90 வீதம் குறைந்தது. எல்லா நாடும் இதை ஏற்கவில்லை, அமெரிக்காவில் இன்னும் சண்டை போடுறாங்க. போடட்டும்.

நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். நிபுணர்கள் வழமையாகச் சொல்கிற 2000 முதல் 2500 மீற்றர் வரம்புக்குக் கீழே. ஸ்பெயினின் சியரா நெவாடாவில், 2320 மீற்றரில், நீச்சல் வீரர்களை வைத்துப் பெரிய ஆய்வொன்று செய்து 2015இல் வெளியிட்டார்கள். மேலே தங்கி, மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பயிற்சி எடுத்தவர்கள்தான் கூட முன்னேறினார்கள். கடல்மட்டத்தை விட்டு அசையாத குழுவும் முன்னேறியது! ஒழுங்கான பயிற்றுநரும் தடாகமும் இருந்ததால். (1971இல் பாக்குநீரிணையைப் போய்த் திரும்பி நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தனை இதற்கு உதாரணம் காட்ட ஆசைதான். ஆனால் ஒரு ஆளை வைத்து விஞ்ஞானம் பேச ஏலாது.)

பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். இஞ்ச களப்பு இருக்கு, இறால் இருக்கு, நல்ல பாலம் இருக்கு. நேரம் அளந்து நீந்தப் பழக்குகிற 50 மீற்றர் தடாகம் இல்லை. முதலில் அதைத் தாங்க. பிறகு மலையைப் பற்றிக் கதைப்போம்.

அதுவரைக்கும் பயிற்றுநர்மார் செய்யக்கூடிய ஒன்று இருக்கு. ஈசீஜி எடுக்கப் பத்து நிமிசம் போதும், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்க. டேல் ஓஎன்னுக்கு இருந்த மாதிரி அடைப்பை, ஓய்வில் எடுக்கிற ஈசீஜி தவறவிடவும் கூடும். அதனால் அந்தப் பொடியனிடமும் அவன்ட உம்மாவிடமோ அம்மாவிடமோ ஒரு கேள்வியும் கேளுங்க: உங்கட குடும்பத்தில ஐம்பது வயசுக்கு முதல் நெஞ்சு நோவில யாராவது மவுத்தானாங்களா, செத்தாங்களா? ஓடக்குள்ள, நீந்தக்குள்ள மயங்கி விழுந்தவங்க இருக்காங்களா? ஓம் என்று பதில் வந்தால், இதய வைத்திய நிபுணர் பார்த்துக் கையெழுத்து வைக்கும் வரைக்கும் நுவரெலியா பஸ்ஸில் அவனை ஏற்றாதீங்க.