‘சிஸ்டம் டவுன்’ என்றால் கவுண்டரை மூடுவதா?

ஆசிரியருக்கு,

மாத்தளையில் சின்னதாகக் கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஒன்லைன் விண்ணப்பம் போடுவதும்தான் பிழைப்பு. அரச அலுவலகங்களில் ‘சிஸ்டம் டவுன்’ என்று தாள் ஒட்டிவிட்டால் அன்று சனங்களின் ஏச்சு முழுக்க எங்களுக்குத்தான்.

2025 ஒக்டோபரில் அரச கிளவுட் பழுதாகி, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களை ஒன்லைனில் எடுப்பதும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதும் நாட்கணக்கில் தடைப்பட்டன. மகனின் அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க கம்மடுவப் பக்கமிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். “லைன் வந்தாப் பிறகு வாங்க” என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. மறுநாளும் வந்து வெறுங்கையோடு திரும்பினார். தோட்டத்தில் அப்போது ஒரு நாள் சம்பளம் போனால் 1,350 ரூபா நட்டம். பஸ் காசு வேறு.

என் கடையில் இரண்டு கம்பெனி டேட்டா வைத்திருக்கிறேன். ஒன்று விழுந்தால் மற்றது. சேர்வரே விழுந்தால் இரண்டும் வீண். அதற்கு மாற்று வைக்கவேண்டியது அரசாங்கம். 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்த மாதங்களுக்குப் பேக்கப்பே இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அப்போதே பாடம் படித்திருக்க வேண்டாமா?

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து கரண்டும் கவரேஜும் போனபோது, எங்கள் பக்கத்தில் கொப்பியில் பேனையால் பெயர் எழுதித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். புயலில் செல்லுபடியான கொப்பி, மற்ற நாளில் செல்லாதா?

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதுளையில் பிறந்தவர் மாத்தளையிலேயே சான்றிதழ் எடுப்பது அதனால்தான். ஆனால் உள்ளூர்ப் பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கும்போது, அதைப் பார்த்துக் கையால் பிரதி எழுதிக் கொடுத்து, லைன் வந்ததும் கணினியில் ஏற்றினால் என்ன? வெளியூர்க்காரரின் விண்ணப்பத்தை இலக்கமிட்டு வாங்கி, சான்றிதழைத் தபாலில் அனுப்பலாமே. பதிவாளர் நாயகம் இதற்கு ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். சிஸ்டம் விழுந்த நாட்களுக்கு வருமான அனுமதிப்பத்திரத் தண்டப்பணம் கிடையாது என்று மாகாண சபையும் தானாகவே அறிவித்து, அதை அலுவலக வாசலில் தமிழிலும் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர்,
மாத்தளை.