இரட்டை டர்போசார்ஜர்: இரு முறைகளின் தராதரம்

யந்திரம் ஒன்றின் தரத்தை ஒரே எண்ணால் கூறிவிட வேண்டும் என்னும் ஆவல் பொதுமக்களிடம் மட்டுமன்றி, யந்திரங்களைக் கையாள்வோரிடமும் காணப்படுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருத்தியமைப்போர் இவ்வாவலுக்குப் பெரிதும் வயப்பட்டவர்கள். அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்பதையே அவர்கள் முதலில் வினவுகின்றனர். அவ்வெண்ணைக் கொண்டே ஒரு முறையை ஏற்கவும் மற்றொன்றைத் தள்ளவும் துணிகின்றனர். ஓர் என்ஜினுடன் இரண்டு டர்போசார்ஜர்களைப் பொருத்தும் முறைகளை ஒப்பிட்டு நோக்கினால், இவ்வளவுகோல் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

டர்போசார்ஜரின் தத்துவம் எளியது. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் அமைந்த கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுதியாகப் புகுவதால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்க இயலுகிறது. சுவிட்ஸர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார்.

இதிலுள்ள இடர்ப்பாடும் எளிதில் விளங்கக்கூடியதே. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவு. அக்குறைந்த புகையால் பெரிய சக்கரத்தை விரைவில் சுழற்ற முடியாது. ஓட்டுபவர் மிதியை அழுத்திய பின்னரும் சக்தி தாமதித்தே வருகிறது. சிறிய சக்கரம் விரைவில் சுழலும். ஆனால் என்ஜினின் வேகம் உயர்ந்ததும் பெருகிவரும் புகைக்கு அதுவே தடையாகி நிற்கும். இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகவே இரட்டை டர்போசார்ஜர் வழக்கில் வந்தது.

இதில் இரு முறைகள் உண்டு. இரு டர்போக்களும் புகையைச் சரிபாதியாகப் பெற்று எப்பொழுதும் ஒருங்கே இயங்குவது இணை முறை. குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும் இயங்க, வேகம் உயர்ந்ததும் மற்றதும் சேர்ந்துகொள்வது வரிசை முறை. ஒரு கம்ப்ரஸர் அழுத்திய காற்றை மற்றொன்று மேலும் அழுத்தும் அடுக்கு முறை பெரும்பாலும் டீசல் என்ஜின்களுக்கு உரியது. அது இங்கு எடுத்துக்கொண்ட ஒப்பீட்டுக்குப் புறம்பானது.

இணை முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஜப்பானில் 1989-ம் ஆண்டு வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். இதன் என்ஜின் 2,568 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் உடையது. முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு டர்போவுக்கும், பின் மூன்றின் புகை மற்றொன்றுக்கும் செல்கிறது. ஒவ்வொரு டர்போவுக்கும் புகையின் துடிப்புகள் 240 பாகை இடைவெளியில் ஒழுங்காக வந்து சேர்கின்றன. குழாய்கள் குறுகியவை, கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவே. எளிமையே இம்முறையின் சிறப்பு.

இரு சிறு சக்கரங்கள் ஒரு பெரிய சக்கரத்தைவிட மிக எளிதில் சுழலும் என்று பலரும் கூறுவர். இக்கூற்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சக்கரத்தின் வழியே செல்லக்கூடிய காற்றின் அளவு அதன் விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டியது. எனவே பாதி அளவு காற்றுக்கு 0.71 மடங்கு விட்டம் போதும். வடிவமும் பொருளும் ஒன்றாயின், சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் படியை ஒட்டி மாறும். ஆகவே சிறு சக்கரம் ஒன்றுக்கு அது 0.18 மடங்கு, இரண்டுக்கும் சேர்த்து 0.35 மடங்கு. ஆனால் அதே விளிம்பு வேகத்தை எய்தச் சிறு சக்கரம் 1.41 மடங்கு விரைவாகச் சுழல வேண்டும். இதனையும் கணக்கில் கொண்டால், இரு சக்கரங்களுக்கும் ஊட்டவேண்டிய இயக்க சக்தி ஒரே பெரிய சக்கரத்துக்கு வேண்டியதில் 0.71 மடங்காகிறது. ஆதாயம் உண்டு என்பது மெய். ஆயினும் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

இவ்வாதாயத்தைப் பெருக்கும் பொருட்டே ஜி.டி.ஆரின் தொடக்க கால டர்பைன் சக்கரங்கள் உலோகத்தினும் இலகுவான பீங்கான் வகைப் பொருளால் செய்யப்பட்டன. காற்றழுத்தத்தைத் தம் விருப்பம்போல் உயர்த்தியவர்கள் அச்சக்கரங்கள் உடைந்து சிதறக் கண்டனர்.

வரிசை முறையை 1986-ம் ஆண்டு போர்ஷே 959 காரில் ஜெர்மானியர் கையாண்டனர். ஜப்பானில் 1991 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்.எக்ஸ்.7 காரும், 1993-ல் வெளிவந்த டொயோட்டா சுப்ரா காரும் இம்முறையைப் பின்பற்றின. மேற்கண்ட கணக்கை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். குறைந்த வேகத்தில் புகை முழுவதும் ஒரே சிறு சக்கரத்துக்குச் செல்கிறது. இணை முறையில் இரு சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட அதே புகை, இங்கே பாதி வேலையை மட்டும் செய்தால் போதும். சாலையில் உணரப்படும் வேறுபாட்டின் காரணம் இதுவே.

இவ்வசதிக்கு ஈடாக நுட்பமான கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. ஆர்.எக்ஸ்.7 காரில் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்றுகளில் இரண்டாம் டர்போ சேர்கிறது. அதற்கு முன்னதாகவே சிறிதளவு புகையைச் செலுத்தி அச்சக்கரத்தைச் சுழற்றி வைக்கின்றனர். அவ்வாறிருந்தும் சேரும் கணத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டிலிருந்து 8 பவுண்டுக்குத் தாழ்ந்து, மீண்டும் 10 பவுண்டுக்கு ஏறுகிறது. இம்மாற்றத்தை நடத்துபவை பல வால்வுகளும், மின்காந்தச் சுருள்களும், அவற்றை இணைக்கும் எண்ணற்ற மெல்லிய ரப்பர் குழாய்களுமாகும். என்ஜினின் உஷ்ணத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகி வெடிக்கிறது. ஒரு குழாய் கசிந்தாலும் இரண்டாம் டர்போ உரிய நேரத்தில் சேராது.

இந்நிலையில்தான் திருத்தியமைப்போர் பிழைபட்ட முடிவுக்கு வருகின்றனர். கசியும் குழாயைத் தேடி மாற்றுவதை விடுத்து, வரிசை முறையையே குறைகூறி, அனைத்தையும் கழற்றியெறிந்து இரு டர்போக்களையும் இணை முறையில் இயங்கச் செய்கின்றனர். பின்னர் அதிகபட்சக் குதிரைத்திறனை அளந்து, குறைவு ஏதுமில்லை என மகிழ்கின்றனர். குறைவு தோன்றும் இடம் அதுவன்று. உச்ச வேகத்தில் இரு முறைகளிலும் இரு டர்போக்களும் ஒருங்கே இயங்குவதால், உச்ச எண்ணில் பெரிய வேறுபாடு இருக்க நியாயமில்லை. இழப்பு 2,000 முதல் 4,000 சுற்றுகள் வரையுள்ள இடைநிலையில் நேர்கிறது. சாலையில் செல்லும் கார் பெரும்பொழுதைக் கழிப்பதும் அந்த இடைநிலையில்தான்.

ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 1989 முதல் 2004 வரை, தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 280 மெட்ரிக் குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை. இணை முறை ஜி.டி.ஆருக்கும் வரிசை முறை சுப்ராவுக்கும் காகிதத்தில் ஒரே எண் இருந்தது. உச்ச எண்ணால் இம்முறைகளைப் பிரித்தறிய இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இணை முறைக்கு உரிய இடம் இல்லையென்பது இதன் பொருளன்று. பந்தயத் தடத்தில் என்ஜின் எப்பொழுதும் உயர் வேகத்திலேயே இயங்கும்; ஆங்கு வரிசை முறையின் வால்வுகள் வீண் சுமையே. பழுதறிந்து சரிசெய்யும் மெக்கானிக்கோ உதிரி பாகமோ கிடைக்காத இடத்திலும் எளிய இணை முறையே தக்கது. ஆனால் அரைகுறையான மாற்றம் எவ்வகையிலும் ஏற்புடையதன்று. புகைப்போக்கியை மட்டும் அகலப்படுத்தி, மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வால்வை அதற்கேற்ப மாற்றாது விட்டால், காற்றழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆர்.எக்ஸ்.7 காரின் சுழல் என்ஜினில் அதன் விளைவு சுழலியின் முனை அடைப்புகள் உடைவது. பின்னர் என்ஜினையே பிரித்துப் புதுப்பிக்க நேரிடும். தாமதித்துத் திடீரெனப் பாயும் சக்தி ஈரமான வளைவில் பின்சக்கரங்களை வழுக்கச் செய்யும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, சாலையில் ஓடும் காரில் வரிசை முறையைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே முதற் கடமை. பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக உஷ்ணம் தாங்கும் ஸிலிக்கோன் குழாய்களை இட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 2,000 சுற்றுகள் முதல் உச்சம் வரை முறுக்கு விசையை அளந்து வரைபடமாக்கிய பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும். இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதற்குத் தடை விதிக்கிறது என்பதையும் ஆர்வமுள்ள மாணவர்க்கு எடுத்துரைத்தல் அவசியம்.

பம்பு செட்டை மோட்டாரின் குதிரைத்திறனால் மட்டும் மதிப்பிடலாகாது என்பதையும், கிணற்றின் ஆழத்திலிருந்து அது இறைக்கும் நீரையும் பழுதுபார்க்கும் வசதியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதையும் கள ஊழியர்கள் அனுபவத்தில் அறிவர். டர்போசார்ஜருக்கும் அதே நியாயம் பொருந்தும். உச்சம் ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் உள்ள இரு வளைகோடுகளைக் கரும்பலகையில் வரைந்து, எவ்வேகத்தில் எதற்காக ஓடும் யந்திரத்துக்கு எது ஏற்றது என மாணவர்களைக் கேட்பது ஆசிரியர்களுக்கு எளிது. அவ்வினாவுக்கு விடை காணப் பழகிய மாணவன், விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்பட்ட எண்ணைக் கண்டு மயங்கமாட்டான்.