துறைமுகச் செய்திகளைச் சுமக்கும் மென்பொருள் யார் கையில்?

பினாங்கின் பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் பாரந்தூக்கி ஒரு பெட்டியை இறக்குவதற்கு வெகுமுன்பே அதைப் பற்றிய செய்திகள் பல கைமாறிவிடுகின்றன. பெட்டி கப்பலின் எந்த அடுக்கில் இருக்கிறது, எடை எவ்வளவு, உள்ளே தீப்பற்றும் சரக்கு உண்டா, சுங்கத்துறை விடுவித்ததா, எந்த லாரி எடுக்க வருகிறது? கப்பல் நிறுவனம், முகவர், முனையம், சுங்கத்துறை, லாரி நிறுவனம் என எல்லாருடைய கணினிகளும் பேசிக்கொண்டால்தான் பெட்டி நகரும். ஒரு செய்தி வழியில் தொலைந்தால் பெட்டி அங்கேயே கிடக்கும், வாடகை ஏறும்.

இந்தப் பேச்சுக்கு ஐ.நா. 1980களிலேயே எடிஃபாக்ட் என்ற பொது வடிவத்தைக் கொடுத்தது. அந்த வகைச் செய்தி ஒன்றைத் திறந்தால் கூட்டல் குறிகளும் முக்காற்புள்ளிகளும் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு துண்டும் ஒற்றை மேற்கோள் குறியில் முடியும். நடுவே நான்கு எழுத்தும் ஏழு எண்ணுமாகக் கொள்கலனின் அடையாளம். பின்னால் வந்த வலைச் சேவைகள் எக்ஸ்எம்எல் வடிவில் பேசின. அதற்கும் பின் வந்தவை ஜேசனில் பேசுகின்றன. மூன்று தலைமுறையும் ஒரே துறைமுகத்தில் வேலை செய்யும்போது, ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்கு மாற்றித் தரவும், உரிய இடத்தில் சேர்க்கவும், பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பவும் இடையில் ஒரு மென்பொருள் வேண்டும்.

அதன் மூலநிரல் யாரிடம் இருக்கிறது என்பதைப் பினாங்கு இப்போதே கேட்டாக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கப்பல் வருகை, புறப்பாட்டுத் தகவல்களை ஒரே மின்னணுச் சாளரத்தின் வழியே பரிமாற வேண்டும் என்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு விதித்திருக்கிறது. செய்திகள் பெருகுமே தவிரக் குறையப் போவதில்லை. சுமக்கும் மென்பொருள் ஒரே விற்பனையாளரின் பூட்டுக்குள் இருந்தால், ஒவ்வொரு புது இணைப்புக்கும் அவர் சொல்வதுதான் விலை.

மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் மாற்று வழி இருக்கிறது என்பதைக் கொழும்பு காட்டியது. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வலைச் சேவைத் தரங்களை வகுத்தவர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவரண. அவர் முன்னின்று 2003இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளை உருவானது. இலங்கையின் இளம் பொறியாளர்கள், திறந்த மூல மென்பொருளை வளர்க்கும் அப்பாச்சி அமைப்பின் ஆக்சிஸ்2 வலைச் சேவைத் திட்டத்தில் முன்னணிப் பங்களிப்பாளர்கள் ஆனார்கள். அதன் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. ஒரு செய்தியின் தலைப்பகுதி மட்டும் போதுமென்றால் மிச்சத்தைப் பிரிக்காமலே அனுப்பிவிடும் சிக்கனம் அதில் இருந்தது. செய்தி தொலையாமல் காக்கும் சந்தேஷா, கையொப்பமும் மறைகுறியும் சேர்க்கும் ராம்பார்ட் ஆகியவை கூடவே வளர்ந்தன.

வீரவரணவும் கூட்டாளிகளும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் நிரலை இலவசமாகத் திறந்துவைத்து, பராமரிப்புக்கும் ஆதரவுக்கும் பணம் வாங்கியது. அதன் செய்தி இணைப்பு மென்பொருளில் ஈபே தளத்தின் பரிவர்த்தனைகள் ஒரே நாளில் நூறு கோடியைத் தாண்டி ஓடின. 2024இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டுக் குழுமம் அந்த நிறுவனத்தை 60 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க முன்வந்தது. திறந்த நிரல் சோறு போடாது என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் வேண்டாம்.

எழுதிய நிரலை இணையத்தில் ஏற்றிவிட்டால் வெளியீடு ஆகிவிடாது. அப்பாச்சி முறையில் முதலில் ஒரு முன்மாதிரித் தொகுப்பு முன்வைக்கப்படும். ஒவ்வொரு கோப்பிலும் உரிமக் குறிப்பு இருக்கிறதா, சேர்க்கக் கூடாத நிரல் உள்ளே புகுந்துவிட்டதா என்று உறுப்பினர்கள் துருவுவார்கள். தொகுப்பை இறக்கித் தங்கள் கணினியிலேயே கட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு வாக்கெடுப்பு, வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம். திட்டக் குழுவினர் மூவராவது ஆதரிக்க வேண்டும். எதிர்ப்பைவிட ஆதரவு கூடியிருக்க வேண்டும். வெளியிடுபவர் மின்கையொப்பம் இட்ட பிறகே அது உலகுக்குப் போகும். இந்தப் படிகளில் பழகிய ஒரு மாணவர் எந்த நாட்டு நிறுவனத்தின் வாசலிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

திறந்த நிரல் என்றாலே பாதுகாப்பு என்று நம்புவதும் தவறு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பதிவு நிரலில் வெடித்த ஓட்டை, ஜாவாவில் எழுதப்பட்ட கணக்கற்ற மென்பொருள்களை ஆட்டிப்படைத்தது. உலகின் பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த அந்த நிரலைப் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்களே பார்த்துவந்தார்கள். அந்தச் சம்பவம் எழுப்பிய கேள்விக்கு ஜெர்மனி ஒரு விடை வைத்திருக்கிறது: 2022இல் அது தொடங்கிய அரசு நிதியம் லாக்4ஜே உள்ளிட்ட அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பணம் தந்திருக்கிறது. பயன்படுத்துகிறவர் செலவில் பங்கு ஏற்பதுதான் நியாயம்.

மலேசியாவுக்கு இது புதுப் பேச்சல்ல. பிரதமர் துறையின் கீழ் இயங்கிய மாம்பு என்ற அரசு அமைப்பு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004லேயே வெளியிட்டது. அதன் மூன்றாம் கட்டத்தின் இலக்கு தற்சார்பு. வாங்குவதும் நிறுவுவதும் அதற்குப் பிறகு நிறையவே நடந்தன. உலகம் எடுத்துப் பயன்படுத்தும் நிரலை இங்கிருந்து வெளியிடுவதுதான் பின்தங்கிப்போனது. எஸ்தோனியாவை ஒப்பிட்டால் இது உறைக்கும். பதினைந்து லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த நாடு அரசுத் துறைகள் செய்தி பரிமாற 2001இல் எக்ஸ்-ரோடு அமைப்பைக் கட்டியது. 2016இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது. இன்று பின்லாந்தும் அதன் வளர்ச்சியில் சம பங்காளி.

சொந்தமாக உருவாக்க வேண்டிய தேவையைப் பினாங்கின் வரலாறும் சொல்கிறது. 1786 முதல் சுங்கவரியில்லாத் துறைமுகமாகப் பிழைத்த தீவு, 1969இல் அந்தத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரமும் இன்டெல் தொழிற்சாலையும் வந்து கைகொடுத்தன. அரை நூற்றாண்டாகப் பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்திச் சோதித்துத் தேர்ந்த ஊர் இது. வடிவமைப்பில் பங்கு வேண்டும் என்று மாநில அரசே இப்போது பேசுகிறது. தொழிற்சாலை கட்டும் முதலீடு கேட்காத மென்பொருளில் அதைத் தொடங்குவதற்கு என்ன தடை?

பட்டர்வொர்த் முனையத்தை நடத்துவது தனியார் நிறுவனம். உள்ளே என்ன மென்பொருள் என்பது அதன் முடிவு. ஆனால் முனையமும் சுங்கத்துறையும் முகவர்களும் சந்திக்கும் இடம் பொது இடம். அங்கே பொதுப்பணத்தில் எழுதப்படும் இணைப்பு நிரல் அனைத்தும் திறந்த உரிமத்தில் வெளியாக வேண்டும் என்றும், திட்டச் செலவில் ஒரு பங்கு அது சார்ந்திருக்கும் திறந்த மென்பொருளின் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்றும் துறைமுக ஆணையமும் சுங்கத்துறையும் தங்கள் அடுத்த டெண்டரில் எழுதலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அந்த நிரலில் மாணவர் செய்யும் திருத்தத்துக்கு மதிப்பெண் தரலாம். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், மாணவர்கள் திறந்த மென்பொருளுக்கு நிரல் எழுதும் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பி முதலிடம் பிடித்தது. இங்கே இவற்றைச் செய்யச் சட்டத் திருத்தமோ புதுக் கட்டடமோ தேவைப்படாது.