ஏரிக்கரையில் இரண்டு நாள்

தியாகராய நகரில் குடியிருக்கும் நம் பங்கு மக்களுள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவர்கள் குடியிருப்பது ஓர் ஏரியின் நடுவே! ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றழைத்த நீண்ட ஏரி, நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. 1920களில் அந்நீர்ப்பரப்பு வற்றவைக்கப்பட்டு அதன்மீது புதிய நகர் எழுந்தது. நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை அதற்குச் சூட்டினர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. சாலை இருக்கிறது, காண்பதற்கு ஏரிதான் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்பகுதித் தெருக்கள் நீரில் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய முகவரியை மறக்கவில்லை என்று முதியோர் கூறினர்.

இல்லறத்தார்க்கென எழுதப்படும் இப்பகுதியில் ஊர் வரலாறு எதற்கு என்று வினவுவீர்கள். காரணம் உண்டு. நீருக்கென இருந்த இடத்தை வீடுகளால் நிரப்பியது போலவே, கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் என வைத்திருந்த நேரத்தையும் நாம் எதையெதையோ இட்டு நிரப்பிவிட்டோம் அன்றோ? அலுவலகம், பள்ளிக் கட்டணம், முதியோரின் மருந்து, உறவினர் வீட்டுச் சடங்குகள், கைப்பேசி என எல்லாம் வந்து குடியேறிவிட்டன. இவற்றுள் தவறானது எதுவுமில்லை. ஆனால் ஏரி போய்விட்டது.

அண்மையில் ஒரு குடும்பத் தலைவி நம்மிடம் கூறினார்: "சுவாமி, மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் இருவர் மட்டும் ஓரிடம் சென்றதே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் பதினோரு பேர்!" ஏதேனும் ஓர் ஏரிக்கரை ஊரில் இரண்டு நாள் தங்கி வரலாமா என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் இசைந்தார். ஆனால் வீட்டுப் பெரியவர், "இந்த வயதில் என்ன தேனிலவு?" என்று ஒரு சொல் சொல்ல, பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. அவ்வம்மையார் குறை கூறவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பே நம்மை இதனை எழுதத் தூண்டியது.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தனரேயன்றி, பயணத் திட்டம் வகுக்கக் கற்பிக்கவில்லை. எனினும் கால் நூற்றாண்டாகக் குடும்பங்களின் சுமைகளைச் செவிமடுத்து வந்ததில் ஒன்றை அறிந்திருக்கிறோம். பெருங்குற்றத்தால் உடையும் இல்லறங்களைவிட, பேச நேரமின்றிச் சிறிது சிறிதாக வறண்டுபோகும் இல்லறங்களே மிகுதி. ஆதலின் இப்பயணத்தை ஆடம்பரமென எண்ணாது, முறையாகத் திட்டமிட வேண்டிய ஒரு குடும்பக் கடமையாகவே கருதுமாறு வேண்டுகிறோம்.

திட்டத்தின் முதற்படி பயணச்சீட்டு அன்று; வீடு. நாம் இல்லாத இரண்டு நாள் அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பவர் யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவர் யார் என்பது தீராத வரையில், உடல் ஏரிக்கரையில் இருந்தாலும் உள்ளம் சமையலறையில்தான் இருக்கும். எனவே பெரியவர்களிடம் கடைசியில் 'தெரிவிப்பது' என்றில்லாமல், முதலிலேயே கலந்து பேசுங்கள். அவர்களுடைய மனத்தாங்கல் பெரும்பாலும் பயணத்தைப் பற்றியதன்று; நம்மை விட்டுவிட்டுப் போகிறார்களே என்ற அச்சமே அது. அதைக் கணவரே தம் தாயிடம் பேச வேண்டும். மனைவியைத் தூது விடலாகாது. ஒரே அன்பியத்தைச் சேர்ந்த இரு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு, இம்மாதம் இவர்கள் வீட்டை அவர்களும், அடுத்த மாதம் அவர்கள் வீட்டை இவர்களும் பார்த்துக்கொண்டால், செலவின்றியே இச்சிக்கல் தீரும்.

இரண்டாவது, எந்த ஏரி என்பது. இதனை ஆசையை வைத்து முடிவு செய்யாமல் மணிக்கணக்கை வைத்து முடிவு செய்க.

ஏரி என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது கொடைக்கானல். அவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை ஆட்சியராய் இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-ல் ஓடைகளை மறித்து அதனை உருவாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். ஏழாயிரம் அடி உயரத்தில், விண்மீன் போன்ற வடிவில் அது கிடக்கும் அழகைச் சொல்லவும் வேண்டுமோ? ஆனால் சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். இரவு ரயிலில் கொடைக்கானல் ரோடு நிலையம் சேர்ந்து, அங்கிருந்து மலைப்பாதையில் மேலும் 80 கிலோமீட்டர் ஏற வேண்டும். போகவும் வரவும் ஏறத்தாழ 22 மணி நேரம் பயணத்திலேயே கழியும். வெள்ளி இரவு புறப்பட்டுத் திங்கள் காலை அலுவலகம் செல்ல வேண்டியவர்க்கு இது ஓய்வன்று, தண்டனை. மூன்று நாள் விடுப்பு உள்ளவர்களே கொடைக்கானலை எண்ணுக.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்வோர்க்கு இன்னொரு செய்தி. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்ற முறை வந்தது. மலை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மக்கள் கூடியதால் வந்த ஏற்பாடு இது. ஏப்ரல், மே மாதங்களில் அங்குக் கூட்டம் மிகுதி. 1866-ல் எழுந்த லாசலேத் மாதா ஆலயத்தின் திருவிழா ஆகஸ்டு 14, 15 தேதிகளில் நடைபெறும். அப்போது செல்வது பக்திக்கு நன்று. இருவர் தனித்திருக்க ஏற்றதன்று.

இரண்டே நாள் உள்ளவர்க்கு நாம் பரிந்துரைப்பது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தே ஊருக்குப் பெயராயிற்று என்பர். சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம்; காப்பித் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் சூழ்ந்த இடம். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் ஏற்காடு விரைவு வண்டி விடியுமுன் சேலத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் ஏற வேண்டா, நிறைந்த வயிற்றிலும் ஏற வேண்டா. கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். சனிக்கிழமை காலைச் சிற்றுண்டிக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். ஞாயிறு மாலை வரை நேரம் உங்களுடையது. ஞாயிறு திருப்பலி அங்கும் உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறோம். விடுப்பு எடுத்தது அலுவலகத்திலிருந்து மட்டுமே!

2024 நவம்பர் முதல், ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. அதற்குமுன் 120 நாளாயிருந்தது. எனவே நாட்காட்டியில் இன்றே ஒரு நாளைக் குறித்து வையுங்கள். பொங்கல், தீபாவளி, நீண்ட விடுமுறைகளைத் தவிர்த்து, பிள்ளைகளுக்குத் தேர்வும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் தேர்க. "சமயம் வரும்போது போவோம்" என்போர்க்குச் சமயம் வருவதே இல்லை.

ஒரு நாளே உள்ளவர்கள் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காட்டுக்குச் சென்று மாலையே திரும்பலாம். கடலும் ஆறும் கலக்கும் அந்த உப்பங்கழி ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 1613-ல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய பழைய கல்லறைகளை இன்றும் காணலாம். வெளியூர் செல்லப் பொருள் வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டா. தியாகராய நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சேத்துப்பட்டு ஏரி இருக்கிறது. 2016-ல் மீன்வளத் துறையினர் அதனைப் பூங்காவாகச் சீர்படுத்தித் திறந்தனர். ஒரு மாலைப்பொழுதை அக்கரையில் இருவரும் முழுமையாகச் செலவிட்டால், அதுவும் பயணமே. கடன் வாங்கிச் செல்லும் உல்லாசத்தை நாம் ஒருபோதும் பரிந்துரையோம். அக்கடன் வீட்டில் அடுத்த சண்டைக்கு வட்டியோடு வந்து நிற்கும்.

ஏரி என்றால் படகு நினைவுக்கு வரும். இங்கே சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் சாய, படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று பழவேற்காட்டில் ஒரே படகில் சென்ற 22 பேர் உயிரிழந்தனர். விழாவைக் கொண்டாடச் சென்ற குடும்பங்கள் துயரில் மூழ்கின. அதன்பின் அங்குச் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தனர். "கொஞ்ச தூரம்தான், வாருங்கள்" என்று எவரேனும் அழைத்தாலும் ஏறாதீர்கள். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் உள்ள முறையான படகுக் குழாம்களிலும், மிதவைச் சட்டையை இறுகக் கட்டிய பின்னரே அமருங்கள். படகில் எழுந்து நின்று படம் எடுக்க வேண்டா. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்போரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அங்குச் சென்று என்ன செய்வது? இதில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். வண்டிக்காரர் பன்னிரண்டு இடங்களின் பட்டியலை நீட்டுவார். கணவர் பன்னிரண்டையும் பார்த்துவிட வேண்டுமென்பார். மனைவியோ, சமைக்காமல் ஒரு வேளை உட்கார்ந்து உண்டால் போதுமென்று எண்ணி வந்திருப்பார். இருவரும் தத்தம் ஆசையைச் சொல்லாமலேயே சென்று, இருவரும் களைத்துத் திரும்புவர். எனவே புறப்படுமுன்னரே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: ஒரு நாள் அவர் விருப்பம், ஒரு நாள் இவர் விருப்பம். அடுப்படியுடன் கூடிய விடுதி மலிவாய்க் கிடைக்கிறதென்று அமர்த்திவிடாதீர்கள். ஆண்டின் முந்நூற்று அறுபத்து மூன்று நாளும் அடுப்பின்முன் நின்றவர்க்கு அங்கும் ஓர் அடுப்பா?

கைப்பேசியை நாளுக்கொரு முறை, வீட்டாருடன் முன்னரே குறித்த நேரத்தில் மட்டும் எடுங்கள். முதல் நாள் பால் கணக்கும் பள்ளிக் கணக்கும் பேசுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். ஏரியை ஒருமுறை நடந்தே சுற்றுங்கள். வேகமாய் அன்று, இருவரில் மெதுவாய் நடப்பவரின் நடையில். நடக்கையில் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடந்த ஓராண்டில் உனக்கு மிகவும் பாரமாயிருந்தது எது?" கேட்டபின் விடையை முழுதும் கேளுங்கள். இடைமறித்து நியாயம் சொல்ல வேண்டா; அறிவுரை வேண்டவே வேண்டா. அமைதியாய் உடன் நடந்தால் போதும். பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லப்படாத ஒரு சொல் ஐந்து கிலோமீட்டரில் வெளிவந்துவிடக் கூடும்.

நெகிழிப் பைகளையும் குடிநீர்ப் புட்டிகளையும் கரையில் எறிந்து வராதீர்கள். நம் ஊர் ஏரியை நாம் இழந்தது போதும். பிறர் ஏரியையேனும் விட்டுவைப்போம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குடியும் அடியும் புகுந்த இல்லத்துக்கு ஏரிக்காற்று மருந்தாகாது. அத்தகைய துன்பத்தில் இருப்போர், குறிப்பாகப் பெண்கள், தனியே ஒரு விடுதிக்குச் செல்வதால் எல்லாம் சரியாகிவிடும் என நம்பி ஏமாற வேண்டா. முதலில் நம்பத்தக்கவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். உரிய உதவியை நாடுங்கள். நாம் மேலே கூறியதெல்லாம் அன்பு உண்டு, நேரந்தான் இல்லை என்னும் குடும்பங்களுக்கே.

அத்தகைய குடும்பங்களே நம்மிடையே மிகப் பல. அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இன்றிரவு உணவுக்குப்பின் நாட்காட்டியை எடுத்து வைத்து, இருவருமாய் இரண்டு நாளைக் குறியுங்கள். அதன்பின் வீட்டுப் பெரியவரிடம் சென்று, "அம்மா, நாங்கள் இருவரும் இரண்டு நாள் போய் வருகிறோம், நீங்கள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று உரிமையோடு சொல்லுங்கள். தம்மை விட்டுச் செல்லவில்லை, தம்மை நம்பியே செல்கின்றனர் என்று உணரும் தாய், பலகாரம் கட்டிக் கொடுத்தே வழியனுப்புவார்.