துயரத்தை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரான இடங்களில் ஒன்று மலாக்கா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். பின்னர் ஜாசின், அசஹான், அலோர் காஜா வட்டாரங்களிலும் பால்மரக் காடுகள் பெருகின. அவற்றின் நடுவே தமிழரின் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், எழுந்தன. அத்தனை பெரிய வாழ்க்கை இன்றைய தோட்டச் சிறுகதைகள் பலவற்றில் ஒரே அச்சில் சுருங்கிக் கிடக்கிறது: குடிகாரக் கணவன், நோயாளி மனைவி, ஈரமில்லாத கங்காணி, கடைசி வரியில் கண்ணீர். அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் துயரத்தையே எழுதப் புகுந்தால் அது வாசகரைத் தொடுவதில்லை. வேலையைச் சரியாக எழுதினால் துயரம் தானாக வந்து சேரும்.

மரம் சீவும் வேலையையே பாருங்கள். குளிர்ந்த அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால் விடியுமுன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. சீவிய பிறகு மழை பிடித்தால், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் இருக்கும் பால் நீரோடு வழிந்து வீணாகும். இந்தக் கணக்குக்குள் காய்ச்சல் பிள்ளையோடு ஒரு தாயை நிறுத்துங்கள். வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகும். போனால் காய்ச்சல் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் ஏற்பார்களா என்று தெரியாது. போகிறாள். பாதி நிரையில் வானம் கறுக்கிறது. இருக்கிற பாலை இப்போதே எடுப்பதா, இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று காத்திருப்பதா? பாலை ஸ்டோரில் எடைபோட்டு, அதில் ரப்பர் சரக்கு எவ்வளவு என்று சோதித்து, கிராணி ஓர் எண்ணை எழுதுகிறார். "ஐயா, இன்னொரு தடவ பாத்துருங்க" என்கிறாள். அந்த ஒரு வரியில் பயம், பணிவு, சந்தேகம் எல்லாம் அடங்கிவிட்டன. 'பாவம்' என்று எழுத்தாளர் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி எழுதினால் அது கதையல்ல, ஆவணம் என்பார்கள். விவரங்களைக் குவித்தால் ஆவணம்தான். ஆனால் மேலே சொன்ன மழையும் எடையும் அலங்காரத்துக்கு வந்தவையல்ல. ஒவ்வொன்றும் அந்தத் தாயை ஒரு முடிவெடுக்க வைக்கிறது. எந்த முடிவையும் கோராத விவரத்தை, எவ்வளவு அரிதாக இருந்தாலும், வெட்டிவிடலாம். இப்படியெல்லாம் எழுத்தைக் கற்றுத்தர முடியாது என்று சொல்வோருக்கு மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறே பதில். 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அதையடுத்து அங்கே பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். மலேசியச் சிறுகதை வளர்ந்ததில் இந்தப் பயிற்சிக்கும் பங்குண்டு.

இன்னொரு தடை வலுவானது: தோட்டங்களே போய்விட்டனவே, இனி யாருக்கு இந்தக் கதை? உண்மைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பிள்ளைகள் மலாக்காவின் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். போனவர்களின் வாழ்விலும் வேலைக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. ஷிப்டு பேருந்து விடுபட்டால் என்ன ஆகும், ஓவர்டைம் கிடைக்காத மாதத்தில் எந்தத் தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தவருக்குக் கதைப் பஞ்சம் வராது. நகரத்து வாசகருக்குத் தோட்டத்துச் சொற்கள் புரியாதே என்ற கவலையும் வேண்டாம். மங்கில் பால் நிரம்புவதைப் பார்த்த வாசகருக்கு அடிக்குறிப்பு எதற்கு?

ஆகவே எழுத உட்காருவோர் ஒன்றைச் செய்து பார்க்கலாம். உங்கள் பாத்திரம் எழுந்தது முதல் கூலி கைக்கு வரும்வரை செய்வதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சோகம், வேதனை, ஏக்கம் போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிடுங்கள். பிறகும் வாசிக்கிறவருக்கு மனம் கனத்தால் கதை நிற்கும். கனக்காவிட்டால், அந்த வேலையைச் செய்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போய், எத்தனை மணிக்கு, எந்தக் கத்தியால், என்ன கூலிக்கு என்று கேட்டு வாருங்கள். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். கற்பனை பிறகு வரலாம், இந்தக் கேள்விகள் காத்திருக்க முடியாது.