காளையை வளர்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றை மறந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லி தாண்டி வெள்ளவேடு, நேமம் பக்கம் ஜீப்பில் வரும் நகரத்து நண்பர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. வண்டியைத் தூக்கினீங்களே, ஸ்டீயரிங்கை என்ன பண்ணீங்க?

எத்தனை இஞ்ச் லிஃப்ட், என்ன டயர், மேலே எத்தனை லைட் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஸ்டீயரிங் என்றதும், "அது பவர் ஸ்டீயரிங்ணே, ஒரு விரல்ல திரும்பும்" என்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தப் பதில்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஜீப் மேல் கோபம் கிடையாது. மழைக்காலத்தில் ஏரிக்கரை வழியில் உர மூட்டை ஏற்றி வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை விட நல்ல துணை வேறு இல்லை. என் கோபமெல்லாம் தூக்கிய வண்டியின் மேல்தான். இன்னும் சரியாகச் சொன்னால், தூக்கிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்ட வண்டியின் மேல்.

மாடு வளர்க்கிறவன் தீனி போட்டுக் காளையைக் கொழுக்க வைப்பான். ஆனால் வண்டியில் பூட்டுகிற அன்று முதலில் கை போவது மூக்கணாங்கயிற்றுக்குத்தான். இற்றுப்போயிருக்கா, முடிச்சு சரியா இருக்கான்னு பார்க்காமல் எவனும் ரோட்டில் இறக்க மாட்டான். காளை எவ்வளவு பெரிசோ, கயிறும் அவ்வளவு உறுதியாக இருக்கணும். இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

டிராக்டர்காரனுக்கும் இது தெரியும். டிரெய்லரில் அளவுக்கு மேல் ஏற்றினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு லேசாகும். அப்போது ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும், வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் முன்னால் இரும்பு எடைக்கட்டி மாட்டுகிறோம். சேடை ஓட்டும் கழனியில் திரும்புவதற்கு இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வேலைக்கு எந்த இடத்தில் ஸ்டீயரிங் கைவிடும் என்பதை யோசித்துச் செய்த வண்டி அது.

உங்கள் ஜீப்பையும் அப்படி யோசித்துத்தான் செய்தார்கள். அந்த யோசனையை ஒரே மதியத்தில் பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். பழைய ஜிப்சி, இப்போதைய ஜிம்னி மாதிரி, முன்னால் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே ஆக்சில் உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே சேஸிஸில் இருக்கிறது. சக்கரம் கீழே ஆக்சிலில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது டிராக் லிங்க் என்கிற கம்பி. கம்பெனி அதைக் கூடியவரை படுக்கையாக வைத்திருக்கும். வண்டியைத் தூக்கினால் பாக்ஸ் மேலே போய்விடும், ஆக்சில் அங்கேயே நிற்கும், கம்பி சரிந்து தொங்கும்.

தொங்கினால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பாருங்க. 36 அங்குலக் கம்பி படுக்கையாக இருக்கும்போது அதன் நுனி 2 அங்குலம் மேலே ஏறினால், பக்கவாட்டில் நகர்வது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதே கம்பி ஏற்கெனவே 4 அங்குலம் கீழே தொங்கிக்கொண்டிருந்து, அதே 2 அங்குலம் ஏறினால், நகர்வது 4 மில்லிமீட்டருக்கு மேல். மூன்று மடங்கு. அதாவது நீங்கள் ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும், ஒரு பள்ளம் வந்ததும் சக்கரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீயர் என்கிறார்கள்.

இரண்டாவது விஷயம், காஸ்டர் என்கிற சாய்வு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வால்தான் கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போகிறது. காரிலும் அதே கதைதான். ஜிம்னி மாதிரி வண்டியில் ஸ்பிரிங்கை மட்டும் உயரமாக மாற்றினால், ஆக்சில் லேசாக உருண்டு இந்தச் சாய்வு குறைந்துவிடும். பிறகு வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. வேகமாகப் போகும்போது வண்டி குடித்தவன் மாதிரி இடமும் வலமும் அலையும்.

2020-ல் வந்த புதுத் தார் வேறு மாதிரி. முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். "அப்போ எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று சிரிக்க வேண்டாம். ஸ்பிரிங் தலையில் ஒரு கட்டையைச் செருகித் தூக்கினால் மேல்கை, டை ராடு, பால் ஜாயிண்ட், ஆக்சில் ஜாயிண்ட் எல்லாம் தங்கள் அளவின் ஓரத்தில் போய் நிற்கும். கையை முழுக்க நீட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிற மாதிரி. தூக்கலாம், ஆனால் எத்தனை நாளைக்கு?

இதன் மேல் பெரிய டயர். வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ரிம். சக்கரம் வெளியே போகப் போக, ரோட்டில் படுகிற ஒவ்வொரு அடியும் நீளமான நெம்புகோல் வழியாக டை ராடுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் வந்து சேரும். கம்பெனி டயருக்காகச் செய்த பால் ஜாயிண்ட் இதற்காகச் செய்ததில்லை.

இதில் பவர் ஸ்டீயரிங் என்ன செய்யும்? உங்கள் கைக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். பழைய ஜீப்பில் ஏதாவது கோளாறு என்றால் தோள்பட்டை சொல்லிவிடும். இப்போது அந்த வாயையும் அடைத்துவிட்டார்கள். ஒரு விரலில் திரும்புகிறது என்பது ஸ்டீயரிங் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

சரி, பட்டறைகள் என்ன செய்கின்றன? இந்த மேற்குப் புறநகரில் கைத்திறனுக்குப் பஞ்சமே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட் லேத்துகளில் செய்ய முடியாத உருப்படி உண்டா? ஆவடியில் 1965-லிருந்து டாங்கி செய்கிறார்கள். ஸ்டீயரிங் கியரும் டை ராடு எண்டும் செய்கிற ரானே மெட்ராஸ் கம்பெனி இந்தச் சென்னையில்தான் இருக்கிறது. இத்தனையும் சுற்றி இருக்கிற ஊரில், தூக்கிய வண்டி ஆடுகிறது என்று போனால் சிலர் செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? ஸ்டீயரிங் டேம்பர் என்று ஒரு ஷாக் அப்சார்பரைக் குறுக்கே மாட்டி அனுப்புவது. கால் முறிந்தவனுக்கு வலி மாத்திரை கொடுத்து ஓடச் சொல்வது மாதிரி. நடுக்கம் கொஞ்ச நாள் தெரியாது. தேய்ந்த ஜாயிண்ட் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னும் சிலர் டை ராடைக் காய்ச்சி வளைத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீயரிங் கம்பியைக் காய்ச்சுவது, வளைப்பது, வெல்டிங் வைப்பது மூன்றும் கூடாது. பதம் வைத்துச் செய்த இரும்பு அது. அடுப்பில் காட்டினால் பதம் போய்விடும் என்று கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிக்கிறவரைக் கேட்டாலே சொல்வார்.

நியாயமாகச் செய்வதென்றால் வழி இருக்கிறது. தொங்கும் கம்பியை மறுபடி படுக்கைக்குக் கொண்டுவரும், கீழ்நோக்கி இறங்கிய பிட்மேன் ஆர்ம், அல்லது கம்பியைச் சக்கர முட்டியின் மேல்பக்கமாக மாட்டும் அமைப்பு. காயில் ஸ்பிரிங் வண்டி என்றால், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கிற பேன்ஹார்டு ராடும் டிராக் லிங்கும் ஒரே சாய்வில் இருக்கும்படி இரண்டையும் சேர்த்துச் சரி பண்ணணும். ஒன்றை மட்டும் மாற்றினால் கோளாறு கூடுமே தவிர குறையாது. காஸ்டரை மீட்க அதற்கான புஷ், பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால் அளவெடுத்த ஆப்பு. அளவில்லாமல் வைத்தால் அது உங்களுக்கே வைத்துக்கொண்ட ஆப்பு. புதுத் தார் மாதிரி வண்டிக்குக் கோணம் திருத்திய மேல்கை. எல்லாம் முடிந்து அலைன்மெண்ட். இதெல்லாம் செலவு. இந்தச் செலவு வெளியே தெரியாது, போட்டோவில் விழாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

"நாங்க ஆஃப் ரோடுக்குத்தானே தூக்கினோம்" என்று ஒரு சமாதானம் வரும். இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சேற்றில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் சொதப்பினால் வண்டி மாட்டிக்கொள்ளும், நாங்கள் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிடுவோம். ஆபத்து அங்கே இல்லை. நீங்கள் வருகிற வழியில் இருக்கிறது. வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை போகிற வெளிவட்டச் சாலையில், நசரத்பேட்டையிலும் பட்டாபிராமிலும் வேகமாகப் போகும்போது ஒரு சின்னப் பள்ளம் போதும். தூக்கியதால் வண்டியின் எடைமையமும் மேலே போயிருக்கும், சட்டென்று ஒடித்தால் உருளும். உங்களுக்கு சீட் பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது. பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் கோயம்பேட்டுக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போகிறவருக்கு என்ன இருக்கிறது? தலையில் ஒரு துண்டு.

போன நவரைப் பட்டத்தில் எங்கள் ஏரிக்கரையில் ஒரு வண்டி கரையை விட்டு இறங்கி, பக்கத்துக் கொல்லையில் முளைக்கீரைப் பாத்தியை உழுதுவிட்டு நின்றது. ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. "ஸ்டீயரிங் தானா இழுத்துடுச்சுங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்தப் பாத்தியில் தினமும் ஏழு மணி வரை ஒரு அம்மா உட்கார்ந்து கீரை பிடுங்குவார். அன்றைக்கு ஏழரை. அரை மணி நேரம்தான் வித்தியாசம்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: கம்பெனி கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஆனால் கடை திறந்திருக்கிறது, வியாபாரம் நடக்கிறது. திருட்டுத்தனமாக நடப்பதால் கேள்வி கேட்பார் இல்லை. மாட்டிக்கொடுத்தவர் பில் கொடுப்பதில்லை, பொறுப்பும் எடுப்பதில்லை. விபத்தென்று வந்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

இத்தனை பாடும் எதற்கு? தாருக்கு 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி கம்பெனியே கொடுத்திருக்கிறது. எங்கள் வரப்போரப் பாதைக்கும் கரம்புக்கும் அது தாராளம். இன்னொன்று தெரியுமா? ஜிம்னி மாதிரி ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்கைத் தூக்கினால் பாடிதான் மேலே போகும். கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை ஏற்றுவது டயர் மட்டுமே. இரண்டு இஞ்ச் தூக்கியவர்களில் பலர் காசு கொடுத்து வாங்கியது பார்வைக்கு உயரம் மட்டும்தான்.

ஏற்கெனவே தூக்கிவிட்டவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். காசு செலவே இல்லை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை ஓட விட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடமும் வலமுமாக ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்க்கட்டும். கம்பி நகராமல் ஜாயிண்ட் மட்டும் துள்ளினால், பாக்ஸ் போல்ட் இருக்கும் இடத்தில் சேஸிஸ் அசைந்தால், அந்த வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டிராக் லிங்க் சரிந்து தொங்கினாலும் அப்படியே. சரிபண்ணுங்கள், இல்லையென்றால் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டுங்கள். பழையதை மாட்டுவதில் ஒரு அவமானமும் இல்லை.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீயரிங்கைத் திருத்தாமல் தூக்கித் தர மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள். நாலு வாடிக்கையாளர் போவார்கள், போகட்டும்.

ஆவடியில் செய்கிற டாங்கிக்குத் திருப்புவதற்கு முன்சக்கரமே கிடையாது. இரண்டு பக்கச் சங்கிலியின் வேகத்தை மாற்றித்தான் திரும்பும். அதனால் அதற்கு டை ராடு பற்றிக் கவலையில்லை. உங்களுடையது டாங்கி இல்லை. நாலு சக்கரம், அதில் இரண்டை மட்டும் ஒரு கம்பியால் பிடித்திருக்கிறீர்கள். எங்கள் ரோட்டுக்கு வாங்க, தாராளமா வாங்க, இளநீர் வெட்டித் தருகிறோம். அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு வாங்க.