சராசரி 26 எண்டால் ஆர் மிஞ்சுவினம்?

எங்கட சைக்கிள் கழகத்தில் ஒரு புது விதி கொண்டுவரக் கதைக்கினம். யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னாருக்குப் போய் அண்டைக்கே திரும்பி வாற நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு, மணித்தியாலத்துக்கு 26 கிலோமீற்றர் சராசரி பிடிக்கக்கூடிய ஆக்கள் மட்டும் வரலாமாம். பிந்துற ஆக்களுக்காக நிண்டு நிண்டு போறதால் பயிற்சி பழுதாகுது என்பது அவையின்ர நியாயம். அதில் உண்மை இல்லை எண்டு சொல்லமாட்டம். பூநகரிச் சந்தியில் அரை மணித்தியாலம் நிண்டிட்டுத் திரும்ப மிதிக்கத் தொடங்கேக்க கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆனாலும் இந்த விதி வேண்டாம் எண்டு கழகத்துக்குள்ள நாங்கள் கொஞ்சப் பேர் நிக்கிறம். கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிசம்தான் தந்தவை. அதுக்குள்ள சொல்லி முடியாததை இஞ்ச எழுதுறம்.

அந்தப் பக்கம் போகாத ஆக்களுக்குப் பாதையைச் சொல்லவேணும். நாவற்குழியில் ஏ-32 வீதிக்குத் திரும்பி, தனங்கிளப்பு, கேரதீவு தாண்டினால் சங்குப்பிட்டிப் பாலம். 2011 இல் திறந்த பாலம். அதுக்கு அங்கால பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, பிறகு திருக்கேதீச்சரப் பக்கத்தால் வந்து மன்னார்த் தீவுக்குப் போற தாம்போதி. ஒரு பக்கம் 100 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல. கரையோர வீதி எண்டு சொன்னாலும் கன இடத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாது, உப்புக்காத்து மட்டும் மூக்கில் அடிக்கும். ஏற்றம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை. பாலத்தின்ர முதுகுதான் அண்டைய நாளின்ர பெரிய மலை.

மலை இல்லாத எங்களுக்குக் காத்துத்தான் மலை. வைகாசிக்குப் பிறகு சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். பூநகரியில் இருந்து மன்னார் இருக்கிறதும் கிட்டத்தட்ட அதே திசையில்தான். அப்ப போகேக்க முழுக்க எதிர்க்காத்து, முகத்துக்கு நேரா, சாடையா வலப்பக்கத்தால். மன்னார்த் தீவின்ர தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டது சும்மா இல்லை. (அதால் அங்கத்தையச் சனத்துக்கு வந்த பிரச்சினை தனியா எழுதவேண்டிய கதை.)

இப்ப 26 எண்ட எண்ணுக்கு வருவம். காத்தே இல்லாத நாளில் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், உடம்பில் படுறதும் அந்த 25 காத்துத்தான். சோளகம் 20 வேகத்தில் எதிரால் வந்தால், அதே 25 ஐப் பிடிக்கிறதுக்கு 45 காத்தைக் கிழிக்கவேணும். காத்தின்ர தடை வேகத்தின்ர வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டுப் பாத்தால் மூண்டு மடங்குக்கு மேல வரும். மாசி மாதம் சும்மா கதைச்சுக்கொண்டு 28 இல் போற ஒரு பெடியன் ஆடி மாதம் அதே றோட்டில் 19 இல் மூச்சு வாங்குவான். அப்ப இந்தச் சராசரி ஆளை அளக்குதா, காத்தை அளக்குதா?

அந்தக் காத்துக்குத் தனிய ஓடுறவரின்ர பாடும் கூட்டத்துக்குள்ள ஓடுறவரின்ர பாடும் ஒண்டில்லை. முன்னால் போறவருக்குக் கிட்டவாப் பின்னால் ஒட்டி ஓடினால் வேலையில் கால்வாசியாவது குறையும், எதிர்க்காத்தில் அதுக்கும் மேல. அந்த மறைப்பு எந்த இடத்தில் விழுது எண்டதுதான் சூட்சுமம். காத்து வலப்பக்கத்தால் வந்தால் மறைப்பு முன்னால் போறவருக்கு நேர் பின்னால் இருக்காது, கொஞ்சம் இடப்பக்கமா விலகி இருக்கும். முன்னால் போறவர் றோட்டின்ர வெள்ளைக் கோட்டோட ஒட்டி ஓடினால், பின்னுக்கு வாறவருக்கு மறைப்புக்குள்ள வர இடமே இல்லை, கிறவலுக்குள்ளதான் இறங்கவேணும். ஒரு முழம் வலப்பக்கம் விட்டு ஓடினால் பின்னால் இரண்டு மூண்டு பேர் பிழைப்பினம். லொறி வந்தால் உள்ளுக்கு எடுக்கவேணும், லொறி போனாப்பிறகு திரும்ப விடவேணும். எங்கட கழகத்தில் கெட்டிக்காரப் பெடியள் கனபேர் இதைச் செய்யிறேல்லை. அவை கெதியா ஓடப் பழகின அளவுக்குக் காத்து மறைக்கப் பழகேல்லை. பிந்துறவரைப் பிந்த வைக்கிறதில் அரைவாசிப் பங்கு முன்னால் போற ஆளின்ர ஓட்டத்தில் இருக்கு எண்டதைக் கூட்டத்தில் ஒருத்தரும் கதைக்கேல்லை.

"அப்ப எங்கட பயிற்சி?" எண்டு கேக்கினம். நீண்ட ஓட்டப் பயிற்சியின்ர பெரும்பகுதி, பக்கத்தில் வாறவரோட முழு வசனம் கதைக்கக்கூடிய வேகத்தில்தான் இருக்கவேணும். சைக்கிள் பயிற்சியாளர்கள் பொதுவாச் சொல்லுறது இதைத்தான். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஆறு மணித்தியாலம் ஓடுறது பயிற்சி இல்லை, அடுத்த கிழமை முழுக்கப் படுக்கிறதுக்கு வழி. கூட வேலை வேணும் எண்டால் முன்னுக்கு நிண்டு காத்தை வாங்கலாமே. ஒருத்தர் ஐஞ்சு நிமிசம் முன்னுக்கு நிக்க, பலமானவர் பதினைஞ்சு நிமிசம் நிக்கட்டும். அவருக்கு வேணுமான உழைப்பும் கிடைக்கும், எட்டுப் பேரும் ஒண்டாப் போய்ச் சேருவினம்.

உலகத்தில் நீண்ட ஓட்டத்துக்கெண்டே வளர்ந்த மரபு ஒண்டு பிரான்சில் இருந்து வந்தது. அங்க 200 கிலோமீற்றருக்குத் தாற நேரம் 13 மணித்தியாலம் 30 நிமிசம். சாப்பாடு, ஒட்டுப் போடுறது, மர நிழலில் சரியிறது எல்லாம் அந்த நேரத்துக்குள்ளதான். பிரிச்சுப் பாத்தால் மணிக்கு 15 கிலோமீற்றரும் வராது. 1891 இல் தொடங்கின பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீற்றர், அதுக்குக் கூடின நேரம் 90 மணித்தியாலம். இப்ப அது போட்டியும் இல்லை. நேரத்துக்குள்ள முடிச்ச எல்லாருக்கும் ஒரே மரியாதை. பிரெஞ்சுக்காரன் 15 காணும் எண்டுறான், நாங்கள் சோளகத்துக்குள்ள 26 கேக்கிறம்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 90 களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடினது. ஆனையிறவாலும் பூநகரியாலும் போகேலாமல் இருந்த காலத்தில், சனம் இரவிரவா வள்ளத்தில் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு கிளாலிக் கடலைக் கடந்தது. அங்கால இறங்கி வன்னிக்குள்ளால் எத்தனை கட்டை உழக்கினவை எண்டு எங்கட வீடுகளில் இருக்கிற அப்பாமாரைக் கேட்டுப் பாருங்கோ. கரியரில் மூட்டை, பாரில் பிள்ளை. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தபோது எங்களில் பாதிப்பேர் சைக்கிளுக்கு வந்ததும் வீட்டு மூலையில் சாத்திக் கிடந்த அப்பாவின்ர சைக்கிளில்தான். புதுசு வாங்கிற விலையே இருந்தது?

அந்தச் சைக்கிள்தான் இந்த விதியில் முதல் அடிபடப்போறது. கியர் இல்லாத, 20 கிலோவுக்குக் கிட்ட நிறை வாற சாதாரணச் சைக்கிளும், ஒல்லி ரயர் போட்ட ஒன்பது கிலோ றேசிங் சைக்கிளும் ஒரே 26 இல் ஓடவேணும் எண்டால், அது காலைப் பாத்து எடுத்த முடிவில்லை, காசைப் பாத்து எடுத்த முடிவு. மீன் பெட்டி கட்டிக்கொண்டு விடியப்புறம் பாசையூரில் இருந்து உள்ளுக்கு உழக்கிற ஐயா ஒருத்தர் நாளைக்கு எங்கட கழகத்தில் சேர வந்தால், 'உங்கட சராசரி என்ன?' எண்டோ கேக்கப்போறம்?

அடுத்ததாப் பெட்டையள். எங்கட கழகத்தில் ஆறு பேர் இருக்கினம். விடிய நாலு மணிக்கு இருட்டுக்குள்ள வெளிக்கிட வீட்டில் சம்மதம் வாங்கிறது, மன்னாருக்கு ஓடுறதை விடக் கஷ்டமான வேலை. 'எல்லாரும் ஒண்டாத்தான் போய் ஒண்டாத்தான் வருவம்' எண்ட ஒரு வசனத்தில்தான் அந்தச் சம்மதம் தொங்கிக்கொண்டிருக்கு. முழங்காவிலுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில் வீடு குறைஞ்ச நீட்டு றோட்டில் ஒருத்தி தனிச்சுப் போனாள் எண்டு ஒருக்கால் கேள்விப்பட்டால் காணும், ஆறு வீட்டிலையும் கதவு பூட்டும். அவையில் இரண்டு பேர் 26 க்கு மேல ஓடக்கூடிய ஆக்கள். அவையும் வரேலாமல் போகும். விதி கொண்டுவாற ஆக்கள் இதை யோசிச்சுப் பாத்தவையோ தெரியாது. நிண்டு போற இடங்களை நேரத்தை மட்டும் பாத்துத் தீர்மானிக்கிறதும் இதே மாதிரித்தான். ஒழுங்கான கழிப்பறை உள்ள கடை எங்க இருக்கு எண்டு அவையைக் கேட்டால் சொல்லுவினம், அந்த றோட்டின்ர வரைபடமே அவையிட்ட இருக்கு.

சாப்பாட்டையும் சொல்லவேணும், ஏனெண்டால் பிந்திறதுக்குக் கன நேரம் கால் காரணமில்லை, வயிறுதான். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் அளவில் மாச்சத்தும் சீனியும் இருக்கு. மணிக்கு 50, 60 கிராம் தேவைப்படுற ஓட்டத்தில் காலமை ஒரு பிளேன்ரீயோட வெளிக்கிட்ட ஆள் பூநகரியிலேயே கவிழ்ந்திடுவார். தண்ணியை மட்டும் மடக்கு மடக்கெண்டு குடிச்சாலும் சரிவராது, வேர்வையில் போற உப்பைத் திரும்பப் போடவேணும். ஒரு பக்கற் ஜீவனி காணும், இல்லாட்டி உப்புப் போட்ட மோர். வேகமா ஓடுறவைக்கு இது தெரியும். தங்களுக்குள்ள வைச்சிருக்கினம்.

நாங்கள் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. சராசரிக்குப் பதிலா மொத்த நேரம் ஒண்டை வைப்பம்: விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட முதல் நாவற்குழி. எட்டு எட்டுப் பேராப் பிரிஞ்சு போவம், ஒவ்வொரு எட்டிலையும் காத்து மறைக்கக்கூடிய ஆக்கள் மூண்டு பேராவது இருக்கட்டும். கடைசியா வாறவருக்குப் பின்னால் பம்மும் ரியூப்பும் வைச்சிருக்கிற ஒருத்தர் வரட்டும், அந்த முறை எல்லாருக்கும் மாறி மாறி வரட்டும். தனிய வேகமா ஓட ஆசைப்படுறவைக்கு வேற ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கு. அதை ஆரும் தடுக்கேல்லை.

இன்னொரு கதையும் அடிபடுது: சோளகம் முடியட்டும், வாடை வந்தாப்பிறகு போவம், அப்ப எல்லாரும் 26 பிடிப்பினம் எண்டு. பிடிப்பினம்தான், மன்னார் மட்டும். வாடை வடகிழக்கால் வாற காத்து. திரும்பி வரேக்கதான் அது முகத்தில் அடிக்கும், அதுவும் 100 கிலோமீற்றர் ஓடிக் களைச்ச காலோட, மழை இருட்டுக்குள்ள. சோளகத்தில் விடியக் காத்து ஏற முதல் பாதித் தூரம் போயிடலாம், பின்னேரம் அதே காத்து முதுகில் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். ஆடி மாதமே போவம் எண்டுதான் அடுத்த கூட்டத்திலையும் கேக்கப்போறம்.